பிள்ளைகளுக்கு இலக்கணமும் கதையெழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலோ வகுப்பிலோ 6 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்றுத் தருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

இலக்கணத்தை எந்த வயதில் தொடங்குவது?

பிள்ளை அதை முன்பே தொடங்கிவிட்டது என்பதுதான் நேர்மையான விடை. நான்கு வயதுக் குழந்தை "அம்மா வந்தா", "நாய் வந்துச்சு" என்று இரண்டையும் வேறுபடுத்திச் சொல்கிறதென்றால், உயர்திணைக்கும் அஃறிணைக்கும் வெவ்வேறு வினைமுடிவு வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது, பெயர்தான் தெரியாது. "மரத்தில் ஏறினேன்" என்று சொல்லும் பிள்ளை "மரம்இல்" என்று ஒருநாளும் சொல்வதில்லை. மகர ஈறு கெட்டு (இறுதி 'ம்' மறைந்து), சொல்லையும் உருபையும் இணைக்கும் 'அத்து' என்னும் சாரியை வருகிறது என்ற நுட்பத்தை அதன் நாக்கு அறிந்தே வைத்திருக்கிறது.

ஆகவே ஏழு வயது வரை கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. எட்டு, ஒன்பது வயதில் பெயர், வினை, காலம், ஒருமை, பன்மை என்ற சொற்களை மட்டும் அறிமுகப்படுத்தலாம். வேற்றுமை, எச்சம், புணர்ச்சி ஆகியவற்றின் பெயர்களைப் பத்து வயதுக்குப் பிறகு சொல்லலாம். பிள்ளை தானே பலமுறை செய்து பார்த்த ஒன்றுக்குப் பெயர் சூட்டும்போதுதான் அந்தப் பெயர் மனத்தில் தங்குகிறது.

என் பிள்ளை பேசுவது போலவே எழுதுகிறது. அதைத் தவறு என்று சொல்லலாமா?

தவறு என்று சொல்ல வேண்டாம். "இது பேச்சு, இதற்கு எழுத்தில் வேறு உடை இருக்கிறது" என்று சொல்லுங்கள். தமிழ்க் குழந்தை எழுதத் தொடங்கும்போது ஏறக்குறைய இன்னொரு மொழியைக் கற்கிறது. அந்தச் சுமையைப் பெரியவர்களான நாம் மறந்துவிடுகிறோம்.

ஆறுதல் தரும் செய்தி என்னவென்றால், பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையேயான வேறுபாடு பெரும்பாலும் ஒழுங்கானது. படிச்சேன், கடிச்சது, வச்சான் என்பவை படித்தேன், கடித்தது, வைத்தான் என்று ஆகின்றன. அதாவது இறந்தகால வினையில் வரும் 'ச்ச' எழுத்தில் 'த்த' ஆகிறது. உடைஞ்சது, தெரிஞ்சது, மேஞ்சது என்பவை உடைந்தது, தெரிந்தது, மேய்ந்தது என்று ஆகின்றன. 'ஞ்ச' என்பது 'ந்த' ஆகிறது. ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பேச்சு வடிவங்களையும் வலப்பக்கம் எழுத்து வடிவங்களையும் பிள்ளையையே எழுதச் சொன்னால், பத்தாவது சொல்லுக்குள் இந்த ஒழுங்கை அதுவே கண்டுபிடித்துவிடும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

கண்டுபிடித்த உற்சாகத்தில் அது "கொஞ்சினாள்" என்பதைக் "கொந்தினாள்" என்றும் "மஞ்சள்" என்பதை "மந்தள்" என்றும் எழுதக்கூடும். கவலைப்பட வேண்டாம். விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் அதை அளவுக்கு மீறி நீட்டும்; எல்லை எது என்பதை அடுத்த வாரம் காட்டினால் போதும்.

"மாடுகள் மேய்ந்தது" என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லையே?

மாறாததற்குக் காரணம் இருக்கிறது. பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கெனத் தனி வினைமுடிவு வழக்கில் இல்லை. ஒரு மாடும் "மேயுது", பத்து மாடும் "மேயுது". காதில் ஒருபோதும் விழாத "மேய்ந்தன", "பறந்தன", "இருக்கின்றன" ஆகிய வடிவங்களைப் பிள்ளை கண்ணால் மட்டுமே கற்க வேண்டியிருக்கிறது. எனவே திருத்துவதைக் காட்டிலும், அந்த வடிவங்கள் நிறைய வரும் பத்திகளை உரக்கப் படிக்கச் செய்வதே பயன் தரும். பின்னர் "பறவை பறந்தது" என்று தொடங்கும் ஐந்து வரிப் பத்தியைக் கொடுத்து, ஒரு பறவையைப் பல பறவைகளாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறினால் எத்தனை சொற்கள் உடன் மாறுகின்றன என்பதைப் பிள்ளை அங்கேதான் உணரும்.

"ஒவ்வொரு" என்ற சொல்லை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பலவற்றைச் சுட்டினாலும் அது ஒருமை கொண்டே முடியும்: "ஒவ்வொரு கிளையும் அசைந்தது."

ந, ன, ண மூன்றும் குழம்புகின்றன. ல, ள, ழ குழப்பமும் தீரவில்லை.

முதல் குழப்பத்துக்கான மருந்து எழுத்துகளின் பழைய பெயர்களிலேயே இருக்கிறது. "மூன்று சுழி ண", "இரண்டு சுழி ன" என்று சுழிகளை எண்ணச் சொல்வது எழுத்தின் வடிவத்தை மட்டுமே காட்டும். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயர்கள் எந்த எழுத்துக்கு எது துணை என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன. 'ட' வரும் இடத்தில் அதற்கு முன் ண்: வண்டு, நண்டு. 'ற' வரும் இடத்தில் அதற்கு முன் ன்: கன்று, நன்றி. 'த' வரும் இடத்தில் அதற்கு முன் ந்: பந்து, சொந்தம். இதனுடன், தமிழ்ச் சொல்லின் முதலில் ந மட்டுமே வரும், ன, ண இரண்டும் வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். எஞ்சியிருப்பவை மனம், மணம்; பனி, பணி போன்ற இணைகள். அவற்றைத் தொடரில் வைத்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

ல, ள, ழ வேறு வகைச் சிக்கல். அது வாயில் தொடங்குகிறது. ல ஒலிக்கும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடுகிறது. ள ஒலிக்கும்போது நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ழ ஒலிக்கும்போது மடிந்த நாக்கு அண்ணத்தில் அழுந்தி ஒட்டாமல் நிற்கிறது. தலை, தளை, தழை; வலி, வளி, வழி என்ற வரிசைகளைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கட்டும். சரியாக ஒலிக்காத பிள்ளை சரியாக எழுதுவது குருட்டாம்போக்கில்தான். அது பிள்ளையின் பிழையன்று, முன்னே ஒலித்துக் காட்டுபவரின் பிழையாகவும் இருக்கலாம்.

"முயற்ச்சி", "அதற்க்கு" போன்ற பிழைகளுக்கு எளிய விதி உண்டா?

உண்டு, அதுவும் விதிவிலக்கு ஏறக்குறைய இல்லாத விதி. ற், ட் ஆகிய மெய்களை அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, அதற்கு, வெட்கம், நட்பு. ஆனால் ய், ர், ழ் ஆகியவற்றை அடுத்து வரலாம்: வாய்ப்பு, வளர்ச்சி, வாழ்த்து. பெரியவர்களின் கடிதங்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் இந்தப் பிழையைத் தேடிப் பிடிக்கச் சொன்னால், பிள்ளைகள் அதை ஒரு வேட்டையாகவே நடத்திவிடுவார்கள்.

ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை எப்படிக் கற்றுக் கொடுப்பது?

பட்டியலாகக் கற்றுக் கொடுக்க வேண்டாம். இலக்கண நூல்கள் இதற்கு நீண்ட விதிவரிசைகளைத் தருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு அவை ஒரு சுவர். வகுப்பில் நான் பின்பற்றும் வரிசை வேறு.

முதலில் காது. "அந்தப் பையன்" என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு "வந்த பையன்" என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் தொடரில் உதடுகள் ஒரு கணம் அழுந்தி நிற்கின்றன. இரண்டாவதில் அப்படி நிற்பதில்லை. அந்த அழுத்தம்தான் எழுத்தில் 'ப்' ஆகிறது என்று காட்டிவிட்டால், ஒற்று என்பது பரீட்சைக்காக யாரோ சேர்த்த புள்ளி அன்று, தன் வாயிலேயே இருக்கும் ஒலி என்பது பிள்ளைக்கு விளங்கும்.

அடுத்து, பொருள் மாறும் இடங்கள். "வேலை கொடுத்தான்" என்றால் பணி கொடுத்தான். "வேலைக் கொடுத்தான்" என்றால் கையிலிருந்த வேலைக் கொடுத்தான். ஒரு புள்ளி எழுத்து வேலைவாய்ப்பை ஆயுதமாக்கிவிடுகிறது என்றால் எந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொள்ளும்.

அதன் பிறகே விதிகள். அவையும் ஆண்டுக்கு நான்கு, ஐந்துக்கு மேல் வேண்டாம். அந்த, இந்த, எந்த என்பவற்றை அடுத்து மிகும். 'ஐ' உருபு வெளிப்பட நின்றால் மிகும்: கதவைத் திறந்தாள். 'கு' உருபை அடுத்து மிகும்: ஆற்றுக்குப் போனார்கள். அப்படி, இப்படி, எப்படி என்பவற்றை அடுத்து மிகும். மறுபக்கம், அது, இது, எது என்பவற்றை அடுத்து மிகாது. ஓடிய, பெரிய, சிறிய போன்ற பெயரெச்சங்களை அடுத்தும் மிகாது: ஓடிய குதிரை, சிறிய பறவை. பிள்ளையின் எழுத்தில் வரும் ஒற்றுப்பிழைகளில் பாதிக்கு மேல் இந்தச் சில இடங்களிலேயே நிகழ்கின்றன என்பதே என் அனுபவம். எஞ்சியவற்றை வாசிப்பு பார்த்துக்கொள்ளும்.

எல்லா விதிகளையும் ஒரே கண்டிப்புடன் வற்புறுத்த வேண்டுமா?

வேண்டாம். பொருளைக் குலைக்கும் பிழை ஒன்று, மரபை மீறும் பிழை இன்னொன்று. எழுவாயும் வினையும் பொருந்தாவிட்டால் தொடரே சாய்ந்துவிடும். அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', மெய்க்கு முன் 'ஒரு' என்பது ஓசைக்காக ஏற்பட்ட அழகான மரபு. கற்றுக் கொடுங்கள், ஆனால் "ஒரு ஊரில்" என்று தொடங்கிய கதையை அதற்காக முதல் வரியிலேயே நிறுத்தாதீர்கள். ஒருமைக்கு "அன்று", பன்மைக்கு "அல்ல" என்னும் வேறுபாடு இன்றைய உரைநடையில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பதின்மூன்று வயதில் அதைச் சொன்னால் போதும்.

இலக்கணத்துக்கும் கற்பனைக்கும் என்ன தொடர்பு? இரண்டையும் தனித்தனியாகத்தானே நடத்துகிறோம்?

அப்படித் தனித்தனியாக நடத்துவதால்தான் ஒன்று கசப்பாகவும் மற்றொன்று வெறும் விளையாட்டாகவும் போய்விடுகிறது. ஒரு சிறிய பயிற்சியை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் "பூனை பாய்ந்தது" என்று எழுதுங்கள். பிறகு கேள்விகள் மட்டும் கேளுங்கள். எந்தப் பூனை? எங்கிருந்து? எதன் மேல்? எப்படி? ஒவ்வொரு விடையும் தொடருக்குள் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். முடிவில் "மதில்மேல் படுத்திருந்த சாம்பல்நிறப் பூனை, ஓசையே எழுப்பாமல், காய்ந்த சருகுக் குவியலின் மேல் பாய்ந்தது" என்ற தொடர் கிடைக்கலாம். பெயரெச்சம், வினையெச்சம், வேற்றுமை உருபு எல்லாம் அதில் இருக்கின்றன. ஒன்றையும் நாம் பெயர் சொல்லி அழைக்கவில்லை. "சருகுக் குவியல் மேல் பாய்ந்தால் ஓசை எழாதா?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய வகுப்பு வெற்றி பெற்றுவிட்டது, ஏனென்றால் அந்தப் பிள்ளை சொற்களைத் தாண்டிக் காட்சியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

இன்னொரு பயிற்சி சொல்வரிசை. பூனை, நாயைத், துரத்தியது என்று மூன்று சொற்களைத் தனித்தனித் துண்டுகளில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். "நாயைப் பூனை துரத்தியது" என்று மாற்றினாலும் துரத்தியது பூனைதான். 'ஐ' என்ற ஓர் எழுத்து அதைக் காவல் காக்கிறது. (ஒற்று மட்டும் பக்கத்துச் சொல்லுக்கேற்ப த் என்றிருந்தது ப் என்று மாறிவிட்டதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று பாருங்கள்.) "துரத்தியது பூனை, நாயை!" என்று சொன்னால் வியப்பு கூடுகிறது. வேற்றுமை உருபு எழுத்தாளருக்கு எவ்வளவு விடுதலை தருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையின் கதை முழுவதும் "அப்புறம்... அப்புறம்" என்றே போகிறது.

வினையெச்சத்தைக் கையில் கொடுங்கள். "எழுந்தான். அப்புறம் சன்னலைத் திறந்தான். அப்புறம் வெளியே பார்த்தான்" என்பது "எழுந்து சன்னலைத் திறந்து வெளியே பார்த்தான்" என்று ஓடும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எச்சங்கள் நான்கைத் தாண்டினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். மேலும், செய்பவர் மாறினால் எச்சத்தின் வடிவமும் பெரும்பாலும் மாற வேண்டும்: "மணி அடித்து மாணவர்கள் ஓடினார்கள்" என்றால் மாணவர்களே மணி அடித்ததாகப் பொருள்பட்டுவிடும்; "மணி அடித்ததும்" என்று எழுத வேண்டும்.

கதையின் நடுவே காலம் மாறிவிடுகிறதே?

"போனான்" என்று தொடங்கிப் "பார்க்கிறான்" என்று தொடர்வது, கதை சூடுபிடிக்கும் இடத்தில் வாய்மொழியாகச் சொல்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். எழுத்தில் அதை முதலில் நெறிப்படுத்துங்கள்: எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் படிக்கட்டும், மாறிய இடம் தானே தெரியும்.

"கதை எழுது" என்றால் "என்ன எழுதுவது?" என்று உட்கார்ந்துவிடுகிறது.

தலைப்பு பெரிதாக இருப்பதுதான் காரணம். "இயற்கையின் அழகு" என்று கொடுத்தால் எந்தப் பிள்ளையும் தன் கண்ணால் கண்டதை எழுதாது. பாடநூலில் படித்ததைத் திருப்பித் தரும். சிறிதாகக் கொடுங்கள்: பூட்டியிருக்கும் ஒரு பெட்டி, ஒற்றைச் செருப்பு, நள்ளிரவில் தானாக எரியும் விளக்கு. பிறகு மூன்று கேள்விகள் போதும். இது யாருடையது? அவருக்கு என்ன வேண்டும்? அது கிடைக்காமல் தடுப்பது எது? இந்த மூன்றாவது கேள்விதான் நிகழ்ச்சிக் குறிப்பைக் கதையாக்குகிறது. தடை இல்லாத இடத்தில் கதை இல்லை.

தெரிந்த கதையை வேறொருவர் சொல்வது போல எழுதச் செய்வதும் நல்ல தொடக்கம். முயல் ஆமைப் பந்தயத்தை முயலே சொன்னால் எப்படியிருக்கும்? படர்க்கை தன்மையாக மாறும்போது வினைமுடிவுகள் எல்லாம் மாறியாக வேண்டும் என்பதால், இலக்கணப் பயிற்சியும் சந்தடியில்லாமல் நடந்துவிடுகிறது.

எதை எடுத்தாலும் "மிகவும் அழகாக இருந்தது" என்றே எழுதுகிறது. வருணனையை எப்படி வளர்ப்பது?

அந்தச் சொல்லை ஒரு வாரத்துக்குத் தடை செய்து பாருங்கள். "அழகாக இருந்தது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? எதைப் பார்த்தாய், எதைக் கேட்டாய், என்ன மணந்தது?" என்று கேளுங்கள். தமிழில் இதற்குப் பெரும் செல்வம் இரட்டைக்கிளவி. சருகு சலசலத்தது, மழை சடசடவென்று பெய்தது, கண்ணாடி பளபளத்தது என்று ஒலியும் ஒளியும் சொல்லாகவே கிடைக்கின்றன. உவமையையும் பிள்ளையின் உலகத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். "நிலவு போன்ற முகம்" என்பதைக் காட்டிலும் "அழிப்பானால் அழித்த இடம் போல வானம் வெளுத்திருந்தது" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது நூறு மடங்கு மேல்.

உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம். கதை சொல்பவரின் நடை எழுத்துத் தமிழாகவும், மேற்கோள்குறிக்குள் இருப்பது பாத்திரத்தின் பேச்சாகவும் இருக்கலாம். இந்த எல்லையைப் பிள்ளை காத்துக்கொண்டால், இரண்டு நடைகளின் வேறுபாட்டை அது உண்மையாகவே புரிந்துகொண்டது என்று பொருள். மேற்கோள்குறியையும் காற்புள்ளியையும் கற்றுக் கொடுக்க இதுவே ஏற்ற இடம்; தனிப் பாடமாக அவை சலிப்பூட்டும்.

நன்றாகத் தொடங்கிய கதை இறுதியில் சப்பென்று முடிந்துவிடுகிறது. "எல்லாம் கனவு" என்று முடிப்பதும் வழக்கமாகிவிட்டது.

இந்தக் குறை புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று "சென்று தேய்ந்து இறுதல்": போகப் போகத் தேய்ந்து முடிவது. "கூறியது கூறல்", "மிகைபடக் கூறல்", "மற்றொன்று விரித்தல்" என்பவையும் அதே பட்டியலில் உள்ளன. சொன்னதையே சொல்வது, அளவுக்கு மேல் சொல்வது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது. பிள்ளைகளின் கதைகளைத் திருத்த இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த நான்கை மட்டும் கொடுத்துத் தம் கதையில் எது இருக்கிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

முடிவு தேய்வதற்குப் பெரும்பாலும் களைப்பே காரணம். எனவே சில நேரங்களில் கடைசி வரியை முதலில் எழுதவைத்து, அங்கே வந்து சேரும் வழியைக் கதையாக்கச் சொல்லுங்கள். கனவு முடிவை ஒருமுறை அனுமதிக்கலாம், இரண்டாம் முறை, "விழித்தபின் அவன் கையில் என்ன இருந்தது?" என்று கேட்டால் கதை மீண்டும் நடக்கத் தொடங்கும்.

பிழைகளை எப்போது, எப்படித் திருத்துவது?

எழுதும் நேரத்தில் திருத்தவே கூடாது. இதில் எனக்கு ஐயமே இல்லை. தோளுக்குப் பின்னால் நின்று "அது பெரிய ற" என்று சொல்லும் குரல், அடுத்த வரியில் வரவிருந்த யானையை விரட்டிவிடும். முதல் வரைவைப் பிள்ளை தன் போக்கில் எழுதட்டும். நீங்கள் முதலில் வாசகராக ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தப் பெண் ஏன் திரும்பிப் போகவில்லை?" ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டாம் வரைவில் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் தேடுங்கள், இந்த வாரம் ஒருமை பன்மை என்றால் ஒருமை பன்மை மட்டும். மற்றப் பிழைகள் கண்ணில் பட்டாலும் பேசாதிருப்பது கற்பிப்பவருக்கான பயிற்சி.

திருத்தத்தை நீங்கள் எழுதித் தர வேண்டாம். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்து, அந்த வரியில் எங்கே பிழை என்று பிள்ளையைத் தேடவிடுங்கள். உரக்கப் படித்தால் பாதிப் பிழைகள் காதிலேயே இடறும். ஒரு தாளில் முப்பது சிவப்புக் குறிகள் இருந்தால் பிள்ளை ஒன்றையும் கற்காது. தனக்குத் தெரிந்த பாதுகாப்பான சொற்களை மட்டும் வைத்து அடுத்த கதையை எழுதக் கற்றுக்கொள்ளும்.

கவிதையையும் இந்த வயதிலேயே எழுதச் செய்யலாமா?

செய்யலாம், யாப்பிலக்கணம் இல்லாமலே. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்ற இரண்டு மட்டும் போதும். "கடல், காற்று, கரை" என்று மோனைக்கும் "பாடு, ஓடு, தேடு" என்று எதுகைக்கும் சொற்களை அடுக்கும் விளையாட்டில் தொடங்கி, அவற்றுள் மூன்றை வைத்து நான்கு வரிகள் எழுதச் சொல்லுங்கள். எதுகைக்காகப் பொருளை வளைத்த வரி எது என்று கேட்டால் பிள்ளைக்கே தெரியும். அந்த வரியை அடித்துவிட்டு, எதுகை இல்லாமல் அதே இடத்தில் என்ன சொல்ல நினைத்தது என்று எழுதட்டும்.